கண்ணின் மெலனோமா: விழியைக் காப்பதும் கல்லீரலைக் கண்காணிப்பதும்

தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்கள் தோலில் மட்டும் இருப்பவை அல்ல. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும் வேளையில் அதன் விளிம்பிலிருந்து புறப்பட்டு உடலெங்கும் இடம்பெயரும் இச்செல்களில் ஒரு பகுதி கண்ணுக்குள்ளும் சென்று, விழியின் வெண்மையான வெளிச்சுவருக்கும் ஒளியை உணரும் விழித்திரைக்கும் நடுவே, இரத்தக்குழாய்கள் செறிந்த ஒரு படலத்தில் தங்கிவிடுகிறது. யூவியா என்று அழைக்கப்படும் அந்த நடுப்படலத்தின் முன்பகுதியே பாவையைச் சுற்றி நிற வளையமாக வெளியில் தெரியும் ஐரிஸ். அதற்குப் பின்னால் கண்வில்லையைத் தாங்கி நின்று விழிக்குள் நீர்மத்தைச் சுரக்கும் சிலியரிப் பகுதியும், அதற்கும் பின்னால் விழித்திரையின் அடியில் விரிந்து அதற்கு உணவும் உயிர்வளியும் ஊட்டும் கோராய்டும் அமைந்துள்ளன. இம்மூன்றில் எங்கேனும் நிறமிச் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகிப் புற்றுக்கட்டியாக மாறுவதையே யூவியல் மெலனோமா என்பர். பத்தில் ஏறத்தாழ ஒன்பது கட்டிகள் கோராய்டில்தான் தோன்றுகின்றன.

கண்ணுக்குள்ளேயே தோன்றும் புற்றுநோய்களில், வயதுவந்தோரிடம் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. ஆயினும் இது அரிய நோய். அமெரிக்காவில் ஆண்டுதோறும் பத்து இலட்சம் பேரில் சுமார் 5 பேருக்கு வருகிறது. ஐரோப்பாவில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல எண்ணிக்கை ஏறி, ஸ்பெயினிலும் தென் இத்தாலியிலும் 2 என்ற அளவில் இருப்பது நார்வேயிலும் டென்மார்க்கிலும் 8ஐத் தாண்டுகிறது. வெளிர் நிறத் தோலும் நீலம் அல்லது சாம்பல் நிறக் கண்களும் உடையோரை இது அதிகம் தாக்குவதே இதற்குக் காரணம். ஆசிய மக்களிடம் பத்து இலட்சத்துக்கு ஒருவர் என்ற அளவைக்கூட இது எட்டுவதில்லை. இந்தியாவில் கண் புற்றுநோய் என்றதும் மருத்துவர் நினைவுக்கு முதலில் வருவது குழந்தைகளைத் தாக்கும் ரெட்டினோபிளாஸ்டோமாவே. ஆனால் அரிது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. ஆசிய நோயாளிகளுக்கு ஐரோப்பியரைவிடச் சற்று இளம் வயதிலேயே இது வருவதையும், கருநிறக் கண்கள் உடையவருக்கு இது வராது என்ற எண்ணம் நோயறிதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பெயரும் மூலச் செல்லும் ஒன்றாக இருப்பதால் இதைத் தோல் மெலனோமாவின் இன்னொரு வடிவம் என்று கருதும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. மரபணு ஆய்வுகள் அதை மாற்றின. தோல் மெலனோமாவில் பாதியளவு கட்டிகளில் காணப்படும் பிராஃப் என்ற மரபணுப் பிறழ்வு கோராய்டு மெலனோமாவில் இருப்பதில்லை. மாறாக, பெரும்பாலான கட்டிகளில் ஜிஎன்ஏகியூ அல்லது ஜிஎன்ஏ11 என்ற மரபணுக்களில் ஒன்று பிறழ்ந்திருப்பது 2009, 2010ஆம் ஆண்டுகளில் தெரியவந்தது. செல்லின் மேற்பரப்பில் வந்து சேரும் செய்திகளை உள்ளே கடத்தும் புரதங்களை ஆக்குபவை இவை. பிறழ்ந்தபின், செய்தி ஏதும் வராதபோதும் வளர்ச்சிக்கான ஆணையை அப்புரதங்கள் ஓயாமல் அனுப்புகின்றன. சூரியனின் புறஊதாக் கதிர்கள் தோல் மெலனோமாவின் மரபணுக்களில் விட்டுச்செல்லும் அடையாளத் தடங்களும் கோராய்டு கட்டிகளில் தென்படுவதில்லை. எனவே வெயிலில் உழைத்ததாலோ கைபேசியை உற்றுப் பார்த்ததாலோ இந்நோய் வந்தது என்று நோயாளி தம்மைத் தாமே நொந்துகொள்வதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. கண்ணைச் சுற்றிய தோலிலும் வெண்விழியிலும் பிறவியிலிருந்தே நீலச்சாம்பல் நிறம் படர்ந்திருப்பவர்களும், பிஏபி1 என்ற மரபணுவின் பிறழ்வைப் பெற்றோரிடமிருந்து பெற்ற சில குடும்பத்தினரும் மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்துடன் ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்கள்.

இந்நோயின் பெரும் இடர் அதன் மௌனம். கோராய்டில் வளரும் கட்டி வலியை உண்டாக்குவது அரிது. பார்வையின் மையப்பகுதியிலிருந்து விலகி வளருமானால், அது பெரிதாகும்வரை நோயாளி எதையும் உணராமலே இருக்கலாம். பார்வை மங்குதல், பார்வைப்புலத்தின் ஓரத்தில் நிழல் விழுதல், மின்னல் போன்ற ஒளித்தெறிப்புகள், நேர்கோடுகள் வளைந்து தெரிதல் ஆகியவை வரும்போது, பெரும்பாலும் கட்டியிலிருந்து கசிந்த நீர் விழித்திரையை அதன் இடத்திலிருந்து தூக்கியிருக்கும். கணிசமானோருக்கு, கண்ணாடி மாற்றவோ நீரிழிவுக்காகவோ கண் மருத்துவரிடம் சென்றபோது, சொட்டுமருந்தால் பாவையை விரித்து உட்புறத்தை நோக்கிய பரிசோதனையில்தான் கட்டி தற்செயலாகத் தென்படுகிறது. கண்புரை முற்றிக் கண்ணின் பின்புறம் தெரியாத நிலையில் வருவோர் நம் நாட்டில் இன்றும் உண்டு. அத்தகையோருக்கு அறுவைக்கு முன் மீயொலி ஸ்கேன் எடுக்கும் வழக்கத்தின் பயன்களில் ஒன்று, புரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கட்டியைத் தவறவிடாமல் இருப்பது.

மருத்துவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, காணப்படுவது மச்சமா மெலனோமாவா என்பதே. தோலில் இருப்பதைப் போலவே கோராய்டிலும் மச்சங்கள் உண்டு; அமெரிக்க வெள்ளையரில் நூற்றுக்கு ஐந்தாறு பேரிடம் அவை காணப்படுகின்றன. அவற்றில் ஒன்று புற்றாக மாறுவது ஆண்டொன்றுக்கு 8,000க்கும் மேற்பட்டவற்றுள் ஒன்று என்ற அளவிலான நிகழ்வு. எல்லா மச்சத்துக்கும் சிகிச்சையளித்தால் தேவையின்றிப் பலரின் பார்வை கெடும். எதற்கும் அளிக்காவிட்டால் சிலர் உயிரிழப்பர். ஃபிலடெல்ஃபியாவில் உள்ள வில்ஸ் கண் மருத்துவமனையில் கேரல் ஷீல்ட்ஸ் குழுவினர் ஆயிரக்கணக்கான கண்களைத் தொடர்ந்து கவனித்து, எந்த மச்சம் வளரும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் அறிகுறிகளை வகுத்தளித்தனர். தடிப்பு 2 மில்லிமீட்டரைத் தாண்டுதல், அதன்மீதோ அருகிலோ விழித்திரைக்கு அடியில் நீர் தேங்குதல், பார்வைக் குறைபாடு தோன்றுதல், மேற்பரப்பில் லிப்போஃபஸ்கின் என்ற செம்மஞ்சள் நிறத் துகள்கள் படிதல், பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் விளிம்பு அமைதல் ஆகியவை அவற்றில் முதன்மையானவை. இவற்றில் ஒன்றும் இல்லாத சிறு மச்சங்களில் ஐந்தாண்டுகளில் வளர்ந்தவை நூற்றுக்கு நான்கு அளவே. மூன்று சேர்ந்திருந்தவற்றில் ஏறத்தாழப் பாதி வளர்ந்தன. ஐயத்துக்கிடமான மச்சத்தைப் படமெடுத்து வைத்து, மூன்று அல்லது ஆறு மாத இடைவெளியில் அதே இடத்தை மீண்டும் படமெடுத்து ஒப்பிடுவது, ஒன்றும் செய்யாமல் காலம் கடத்துவதாகாது. அதுவும் ஒரு மருத்துவ முடிவே.

மற்ற உறுப்புகளின் புற்றுநோயில் பெரும்பாலும் சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் நோயை உறுதிசெய்வதில்லை. கண் மெலனோமா இதற்கு விலக்கு. கண்ணின் ஊடகங்கள் ஒளிபுகு தன்மை உடையவை ஆதலால், தலையில் விளக்கு பொருத்திய கருவியும் கைவில்லையும் கொண்டு மருத்துவர் கட்டியை நேரடியாகவே காண முடிகிறது. அதற்குத் துணையாக மீயொலி ஸ்கேன் கட்டியின் உயரத்தையும் அகலத்தையும் அளக்கிறது. மெலனோமாவின் செல்கள் ஒரே சீராக நெருங்கியிருப்பதால் ஒலியலைகள் அதற்குள் குறைவாகவே எதிரொலிக்க, திரையில் கட்டியின் உட்புறம் வெற்றிடம் போல் இருண்டு தெரிகிறது. கோராய்டையும் விழித்திரையையும் பிரிக்கும் புரூக் சவ்வைக் கட்டி கிழித்துக்கொண்டு மேலெழுந்தால் அது காளான் வடிவம் கொள்கிறது. இவ்வடிவத்தைக் கண்டபின் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. கையின் சிரையில் ஃப்ளூரெசின் சாயத்தைச் செலுத்திப் படமெடுக்கையில் விழித்திரையின் இரத்தக்குழாய்களுக்கு அடியில் கட்டிக்கே உரிய தனிக் குழாய்வலை தெரிவதும், ஓசிடி என்ற ஒளியடுக்குப் படத்தில் மெல்லிய நீர்த்தேக்கம் புலப்படுவதும் முடிவுக்கு வலுச் சேர்க்கின்றன. வட அமெரிக்காவில் 1980களில் தொடங்கிய கோராய்டு மெலனோமா கூட்டாய்வில், இம்முறைகளால் மட்டும் நோயறியப்பட்டு அகற்றப்பட்ட கண்களைப் பின்னர் நுண்ணோக்கியில் சோதித்தபோது, 99 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் நோயறிதல் சரியாகவே இருந்தது.

அதே கூட்டாய்வுதான் சிகிச்சையின் வரலாற்றையும் இரண்டாகப் பிரித்தது. நூறாண்டுக்கும் மேலாக இந்நோய்க்கு மருத்துவர் கைவசம் இருந்த முதன்மை வழி, கண்ணை முழுமையாக அகற்றுவது. 1970களின் இறுதியில் வாஷிங்டனைச் சேர்ந்த நோய்க்கூறியல் அறிஞர் லோரன்ஸ் சிம்மர்மனும் அவருடைய குழுவினரும், அகற்றும் அறுவையின்போது கண்ணில் ஏறும் அழுத்தமே கட்டியின் செல்களை இரத்தத்தில் தள்ளிவிட்டு மரணத்தை விரைவுபடுத்துகிறதோ என்ற வினாவை எழுப்பியபோது கண் மருத்துவ உலகம் கலங்கியது. உயிரைக் காக்கச் செய்ததே உயிரைப் பறித்திருக்குமோ என்ற அந்த ஐயத்தை வாதத்தால் தீர்க்க இயலவில்லை; நடுத்தர அளவுள்ள கட்டி உடைய 1,317 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கண்ணை அகற்றியும் மற்றவர்க்குக் கண்ணை விட்டுவைத்துக் கதிரியக்கத் தகடு பொருத்தியும், பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்த பின்பே விடை கிடைத்தது. நோய் பரவி இறந்தோர் தகட்டுப் பிரிவில் 21 விழுக்காடு, அகற்றிய பிரிவில் 17 விழுக்காடு. புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடே அன்று. எல்லாக் காரணங்களாலுமான இறப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தது. அகற்றுவது தீங்கு செய்யவில்லை என்பதும், அகற்றாததால் உயிருக்கு இழப்பில்லை என்பதும் ஒருசேரத் தெளிவாயின. கட்டி பெரிதல்லாத ஒருவரிடம் கண்ணை எடுத்தால்தான் பிழைப்பீர் என்று சொல்வதற்கு அதன்பின் ஆதாரம் இல்லாமல் போயிற்று.

கதிரியக்கத்தைக் கண்ணுக்குள் செலுத்தும் எண்ணம் இக்கூட்டாய்வுக்கு வெகு முந்தையது. இலண்டனில் ஃபாஸ்டர் மூர் 1929இல் ரேடான் அடைத்த சிறு குழல்களைக் கட்டிக்குள் செருகினார். அவர் வழியில் வந்த ஹென்றி ஸ்டாலர்ட், விழியின் வளைவுக்கேற்ப வடித்த கோபால்ட் தகடுகளை வெண்விழியின்மேல் தைத்து வைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். கோபால்ட்டின் ஊடுருவும் கதிர் கண்ணைக் கடந்து மூளைவரை சென்றதால், கிழக்கு ஜெர்மனியில் பீட்டர் லோமாட்ச் ருத்தீனியம்-106ஐயும், பின்னர் அமெரிக்கர் அயோடின்-125ஐயும் கையாண்டனர். ருத்தீனியம் வெளியிடும் பீட்டா கதிர்கள் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் பயன்தராமல் அடங்கிவிடுவதால் தடிப்புக் குறைந்த கட்டிக்கு அது பொருந்தும். அயோடின் இன்னும் உயரமான கட்டியின் உச்சிவரை எட்டும்.

இன்று நடைபெறும் முறை இது. மயக்கநிலையில் வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வைத் திறந்து, கண்ணின் எதிர்ப்புறத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் கட்டியின் நிழல் வெளிச்சுவரில் விழுகிறது. அந்நிழலின் விளிம்பைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக மூடும் அளவில் தகடு தேர்ந்தெடுக்கப்படுகிறது. கதிரியக்கமற்ற மாதிரித் தகட்டைக் கொண்டு தையல்களின் இடத்தை உறுதிசெய்த பின்னரே உண்மைத் தகடு வைக்கப்படும். அயோடின் தகட்டின் பின்புறம் தங்கத்தால் ஆனது. கதிர் கட்டியின் பக்கம் மட்டுமே செல்லவும் கண்குழியிலுள்ள மற்ற திசுக்கள் காக்கப்படவும் அத்தங்கம் உதவுகிறது. கட்டியின் உச்சிக்கு 85 கிரே என்ற அளவு கதிர் சேரும்வரை, பொதுவாக மூன்று முதல் ஏழு நாள், தகடு கண்ணிலேயே இருக்கும். நோயாளி தனியறையில் தங்கியிருந்து, இரண்டாம் அறுவையில் தகடு எடுக்கப்பட்டபின் வீடு திரும்புவார். அதன்பின் அவர் உடலில் கதிரியக்கம் எதுவும் எஞ்சுவதில்லை. குழந்தைகளைத் தூக்கவோ குடும்பத்தாருடன் உண்ணவோ அஞ்ச வேண்டியதில்லை. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அயோடின்-125 விதைகளை உருவாக்கியது. சென்னை சங்கர நேத்ராலயாவில் அவை பயன்பாட்டுக்கு வந்தன. பின்னர், அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளின் கழிவிலிருந்து ருத்தீனியத்தைப் பிரித்தெடுத்து வட்டத் தகடுகளாகவும் அம்மையம் வடித்தளித்தது. வெளிநாட்டிலிருந்து பெரும் பொருட்செலவில் தருவிக்க வேண்டியிருந்த ஒன்று உள்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கியது, அரிய நோய் உடையோரின் பொருட்டு ஓர் அரசு ஆய்வகம் செய்த பெரும்பணி.

தகட்டுக்கு எட்டாத இடத்திலும், பார்வை நரம்பை ஒட்டியும் கட்டி இருந்தால் புரோட்டான் கற்றை பயன்படுகிறது. பாஸ்டனில் 1975இல் தொடங்கிய இம்முறையில், வெண்விழியில் தைக்கப்பட்ட சிறு டான்டலம் வளையங்களை அடையாளமாகக் கொண்டு, குறித்த ஆழத்தில் தன் ஆற்றலை இறக்கிவிட்டு நின்றுவிடும் புரோட்டான்கள் நான்கைந்து அமர்வுகளில் செலுத்தப்படுகின்றன. இவ்விரு முறைகளிலும் பத்தில் ஒன்பது அல்லது அதற்கும் மேற்பட்ட கட்டிகள் கட்டுக்குள் வருகின்றன. கட்டி மறைந்துவிடுவதில்லை, பல மாதங்களில் மெல்லச் சுருங்கி, செயலற்ற தழும்பாக எஞ்சுகிறது. கட்டி மிகப் பெரிதாகவோ, பார்வை நரம்பை ஊடுருவியோ, பார்வை மீளாதபடி அழிந்து கண் வலிப்பதாகவோ இருந்தால் கண்ணை அகற்றுவதே இன்றும் தக்க சிகிச்சை. அகற்றிய இடத்தில் உருண்டை ஒன்றைப் பொதித்துக் கண்தசைகளை அதனுடன் இணைத்து, ஆறேழு வாரங்களில் மறுகண்ணின் நிறத்துக்கேற்பத் தீட்டிய செயற்கைக் கண் பொருத்தப்படும். அது ஓரளவு அசையவும் செய்யும். ஒற்றைக் கண்ணால் தொலைவைக் கணிக்க மூளை சில மாதங்களில் பழகிக்கொள்கிறது. எஞ்சிய கண்ணைக் காக்க, பவர் இல்லாவிட்டாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி அணிவது இன்றியமையாதது.

விழியைக் காப்பதும் பார்வையைக் காப்பதும் வேறு வேறு என்பதை நோயாளிக்கு முன்பே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை. கூட்டாய்வில் தகடு பொருத்தப்பட்டோரில் 43 விழுக்காட்டினரின் பார்வை மூன்றாண்டுக்குள் 6/60 அல்லது அதற்கும் கீழே இறங்கியது. கதிர் கட்டியோடு சேர்த்துச் சுற்றியுள்ள நுண்குழாய்களையும் மெல்லக் கெடுப்பதால், சிகிச்சை முடிந்து ஓரிரு ஆண்டுக்குப் பின் விழித்திரை வீங்குவதும், பார்வை நரம்பு நலிவதும், புதிய குழாய்கள் முளைத்துக் கண்ணழுத்தம் ஏறுவதும் நேர்கின்றன. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளைக் கண்ணுக்குள் குறித்த இடைவெளியில் போடுவது இச்சேதத்தைக் குறைக்கவும் தள்ளிப்போடவும் உதவுகிறது. ஆகவே கண்ணின் பரிசோதனை முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் என்று பல ஆண்டுகள் நீள வேண்டியதாகிறது.

ஆனால் உயிர் சார்ந்த கேள்வி கண்ணில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. கண்ணின் உட்புறத்தில் நிணநீர்க் குழாய்கள் இல்லாததால், தப்பிச்செல்லும் புற்றுச்செல்கள் இரத்த வழியாகவே செல்கின்றன. நோய் பரவியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலில் கட்டி காணப்படுகிறது. முதன்முதலாக நோயறியும் வேளையில் ஸ்கேனில் பரவல் தென்படுவது நூற்றில் நாலைந்து பேருக்குக்கூட இல்லை. இருந்தும் ஹெல்சிங்கியில் 1962 முதல் 1981 வரை சிகிச்சை பெற்றோரை ஆராய்ந்தபோது, இந்நோயால் இறந்தோர் ஐந்தாண்டில் 31 விழுக்காடு, பதினைந்தாண்டில் 45, இருபத்தைந்தாண்டில் 49 என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றது. பரவிய கட்டிகள் இரட்டிப்பாகும் வேகத்தைக் கணக்கிட்டுப் பின்னோக்கிச் சென்ற ஆய்வாளர்கள், பல நோயாளிகளிடம் கண்ணில் கட்டி கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நுண்ணிய விதைகள் கல்லீரலை அடைந்திருக்க வேண்டும் என்று கண்டனர். கண்ணை அகற்றினாலும் விட்டுவைத்தாலும் ஆயுள் மாறாததன் விளக்கம் இதில் அடங்கியுள்ளது. நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கு 2005 டிசம்பரில் வலக்கண்ணில் மெலனோமா கண்டறியப்பட்டது. கதிர் சிகிச்சையும் லேசரும் கட்டியை அடக்கி, அக்கண்ணின் பார்வையையும் பறித்தன. ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கல்லீரலில் பரவல் தெரியவந்து, 2015 ஆகஸ்டில் அவர் மறைந்தார்.

யாருக்குப் பரவும் என்பதைக் கட்டியின் அளவு ஓரளவும், அதன் மரபணுக்கள் இன்னும் கூர்மையாகவும் சொல்கின்றன. ஜெர்மனியின் எஸ்ஸென் நகர ஆய்வாளர்கள் 1996இல், கட்டியின் செல்களில் மூன்றாம் குரோமோசோம் இணையில் ஒன்று காணாமற் போயிருந்தவர்களில் பாதிப்பேருக்கு மூன்றாண்டுக்குள் நோய் பரவியதையும், இணை முழுமையாக இருந்தோருக்குப் பரவாததையும் காட்டினர். அக்குரோமோசோமில் அமைந்துள்ள பிஏபி1 என்ற காவல் மரபணு செயலிழப்பதே இதற்கு அடிப்படை என்று 2010இல் தெரிந்தது. தகடு பொருத்தும்போதே மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்செடுத்து இச்சோதனையைச் செய்யலாம். அதன் முடிவை அறிய விரும்புவதும் விரும்பாததும் நோயாளியின் உரிமை. ஆயினும் குறைந்த ஆபத்து என்று தெரிந்தவருக்குப் பல ஆண்டுக் கவலை நீங்குவதையும், அதிக ஆபத்துடையவருக்குக் கண்காணிப்பு செறிவாவதையும் எண்ணும்போது, அறிந்துகொள்வதன் பக்கமே எடை கூடுகிறது. அதிக ஆபத்துடையோருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலின் எம்ஆர்ஐ பரிந்துரைக்கப்படுகிறது. மற்றவர்க்கு ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீயொலி ஸ்கேன் போதும். இரத்தத்தில் கல்லீரல் நொதிகளை அளப்பதை மட்டும் நம்பியிருத்தல் தவறு. கட்டிகள் தோன்றியபின்னும் அவை இயல்பான அளவில் இருக்கக்கூடும்.

பரவிய நோய்க்கு நெடுங்காலம் பயனுள்ள மருந்து இல்லை. தோல் மெலனோமாவில் பெருவெற்றி கண்ட நோயெதிர்ப்பு மருந்துகளும் இங்கே சிலருக்கே உதவின. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், டெபென்டஃபஸ்ப் என்ற மருந்து பெற்றோரில் 73 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடந்தனர். மருத்துவர் தேர்ந்த பிற மருந்துகளைப் பெற்றோரில் அந்த விழுக்காடு 59. கட்டிச்செல்லின் மேலுள்ள புரதத் துணுக்கை ஒரு முனையாலும் நோயெதிர்ப்பு டி-செல்லை மறுமுனையாலும் பற்றி இரண்டையும் அருகருகே கொண்டுவரும் இம்மருந்துக்கு 2022 ஜனவரியில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. கல்லீரலின் இரத்த ஓட்டத்தை உடலின் பிற பகுதியிலிருந்து தற்காலிகமாகப் பிரித்து, அதற்குள் மட்டும் மெல்ஃபலான் மருந்தை உயர்ந்த அளவில் செலுத்தும் முறையும் 2023இல் ஒப்புதல் பெற்றது. கல்லீரலில் ஓரிரு கட்டிகளே இருக்கையில் கண்டறியப்பட்டால் அவற்றை அறுத்தெடுக்கவோ வெப்பத்தால் பொசுக்கவோ இயலும். தொடர் கண்காணிப்பால் கிடைக்கும் நேரடிப் பயன் இது. டெபென்டஃபஸ்ப் செயல்பட நோயாளியின் செல்களில் எச்எல்ஏ-ஏ 02:01 என்ற திசு அடையாளம் இருந்தாக வேண்டும். ஐரோப்பிய வம்சத்தாரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் உள்ள அந்த அடையாளம் இந்தியரிடம் குறைவாகவே காணப்படுவதால், அதிக ஆபத்துடைய இந்திய நோயாளி ஒருவருக்கு அந்த எளிய இரத்தப் பரிசோதனையை முன்னதாகவே செய்துவைப்பது, பரவல் தோன்றும் நாளில் எந்தச் சிகிச்சையிலிருந்து தொடங்குவது என்பதை வாரக்கணக்கில் காத்திராமல் முடிவுசெய்ய உதவும்.